மேகம் நீர்ப்பை அன்று

கடலின் மேல் ஒரு சூரியன். அங்கிருந்து மேல்நோக்கிச் சில அம்புக்குறிகள். வானில் ஒரு மேகம். அது நகர்ந்து போய் மலையில் முட்டியதும் சாய்கோடுகளாக மழை. இறுதியில் கடலுக்குத் திரும்பும் ஓர் ஆறு. நீர்ச்சுழற்சியை விளக்கும் இப்படத்தை வரையாத மாணவர் இல்லை. நானும் கரும்பலகையில் பலமுறை வரைந்தவனே. இப்படம் எதைக் கற்பிக்கிறது, எதை மறைக்கிறது என்று இங்கே ஆராய்வோம்.

என்னை இவ்வாறு சிந்திக்கத் தூண்டியது ஒரு மழை. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தருமபுரி மாவட்டம் அரூரில் 33 செ.மீ. மழை பதிவாயிற்று. 2004 வரை இதே மாவட்டத்தில் இருந்த ஊத்தங்கரையில் 50 செ.மீ.! தருமபுரியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே சராசரியாக ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்பதை நினைவில் கொள்க.

கல்லூரி திறந்ததும் ஒரு மாணவர் கேட்டார்: "புயல் வலுவிழந்துவிட்டது என்றார்களே ஐயா, பிறகு எப்படி இவ்வளவு மழை? மேகம் மலையில் முட்டி வெடித்துவிட்டதா?"

கேள்வி அவருடையது, ஆனால் அதிலிருந்த மேகம் நாம் வரைந்து கொடுத்த மேகம். கடலில் நீரை மொண்டு வந்து மலையில் கொட்டும் ஒரு தோற்பை!

அது சரிதானா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 33 செ.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 330 லிட்டர் நீர். நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதிலும் இருக்கும் நீராவியை ஒரு துளி விடாமல் பிழிந்தாலும், மிக ஈரமான நாளில்கூட 6 அல்லது 7 செ.மீ. நீர்தான் தேறும். அதாவது அரூரில் பெய்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. எஞ்சிய நீர் எங்கிருந்து வந்தது?

மேகத்தை ஒரு நெல் ஆலைக்கு ஒப்பிடலாம். ஆலையின் வாயில் ஒரு நேரத்தில் ஒரு மூட்டை நெல்தான் கொள்ளும். ஆயினும் வண்டி வண்டியாக நெல் வந்துகொண்டே இருந்தால் மாலைக்குள் அரிசி மலையாகக் குவிந்துவிடும். மழையின் அளவைத் தீர்மானிப்பது மேகத்தின் கொள்ளளவு அன்று; ஈரக்காற்றின் வரத்தும் அது மேலெழும் வேகமும் அது நீடிக்கும் நேரமுமே.

காற்று மேலே எழும்போது விரிந்து குளிர்கிறது. தெவிட்டிய நிலையை எட்டும்வரை கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றில் 30 கிராம் நீராவி இருக்கக்கூடும். 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்று மேல்தான். மிகுதி நீராவி, உப்புத் துகள்கள் மீதும் தூசி மீதும் நுண்துளிகளாகப் படிகிறது. இத்துளிகளின் கூட்டமே மேகம். 'மேகம் என்பது நீராவி' என்று விடைத்தாளில் எழுதுவது தவறு. நீராவி கண்ணுக்குத் தெரியாது.

நுண்துளியின் விட்டம் சுமார் 0.02 மி.மீ. அது நொடிக்கு ஒரு செ.மீ. அளவே இறங்கும், மெல்லிய மேற்காற்றோட்டமே அதைத் தாங்கிவிடும். 2 மி.மீ. விட்டமுள்ள ஒரு மழைத்துளி உருவாக இத்தகைய நுண்துளிகள் பத்து லட்சம் ஒன்றுசேர வேண்டும். பெரிய துளி சிறியவற்றை மோதிச் சேர்த்துக்கொள்வது ஒரு வழி. சுமார் 5 கி.மீ. உயரத்திற்கு மேல் பனிக்கட்டிப் படிகங்கள் நீராவியைக் கவர்ந்து வளர்வது மற்றொரு வழி. இரண்டிற்கும் தடித்த மேகம் வேண்டும்.

மார்கழி விடியலில் தொப்பூர்க் கணவாயில் மூடுபனி படர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் தரையைத் தொடும் மேகமே. ஆனால் அது மலையைத் தழுவி நின்றும் மழை தருவதில்லை. வெயில் ஏறியதும் கலைந்துவிடுகிறது. காரணம், அதன் துளிகள் வளரத் தடிமனும் இல்லை, கீழிருந்து வலுவான மேலெழுச்சியும் இல்லை. படத்தின் இலக்கணப்படி அது மழை பொழிந்திருக்க வேண்டுமே!

மலைக்குப் பங்கே இல்லையா? உண்டு. வீசிவரும் ஈரக்காற்றை மலைச்சரிவு மேலே தள்ளுகிறது. மேகத்தை உடைப்பது அதன் வேலை அன்று. 'மேகவெடிப்பு' என்னும் சொல்லும் பழைய தோற்பையையே நினைவூட்டுகிறது. வானிலைத் துறையின் வரையறைப்படி, ஏறத்தாழ 20 முதல் 30 சதுர கி.மீ. பரப்பில் ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. பெய்தால்தான் அது மேகவெடிப்பு. ஒரு நாளின் மொத்த அளவை மட்டும் வைத்து அப்பெயரைச் சூட்டலாகாது.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். 'புயல் வலுவிழந்தது' என்பது காற்றின் வேகம் பற்றிய செய்தி. நீர் வரத்து பற்றியது அன்று. ஃபெஞ்சல் கரையைக் கடந்தபின் பல மணி நேரம் நகராமல் நின்றது. பிறகு மெல்ல மேற்கே வந்தது. அதன் வடபுறத்தில் வங்கக் கடலின் ஈரக்காற்று கிழக்கிலிருந்து உள்ளே பாய்ந்துகொண்டிருந்தது. கடலிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. தள்ளியுள்ள அரூர் அப்படித்தான் நனைந்தது. நம் படத்தில் காலமும் இல்லை, வரத்தும் இல்லை. அதை நம்பியவர் 'புயல் கடந்தது' என்றதும் ஆற்றோரத்தில் நிம்மதியாக உறங்கப் போய்விடுவார். தேர்வில் மதிப்பெண் இழப்பதைவிடப் பெரிய இழப்பு அது.

படத்தைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. நீர் சுழல்கிறது என்ற அதன் அடிப்படை உண்மை அசைக்க முடியாதது. மேகத்தின் அடியில் மேலெழும் காற்றுக்கு ஓர் அம்புக்குறியும், பக்கவாட்டில் ஈரக்காற்றின் வரத்துக்கு ஓர் அம்புக்குறியும் சேர்த்து வரையுங்கள். அத்துடன், நேரான பக்கங்களுள்ள ஒரு தகர டப்பாவைத் திறந்தவெளியில் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவுகோலால் நீரின் உயரத்தை அளந்து குறித்து வாருங்கள். ஒரு பருவம் முடிவதற்குள், மழையைப் பற்றிப் படம் சொல்லாத பலவற்றை அந்த டப்பா சொல்லியிருக்கும்.