வேலை கிடைத்ததும் கதை முடிந்துவிடுகிறதா?

1

பணி நியமன ஆணை வந்த அன்று அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். எழுத்துக் கூட்டத் தெரியாதவர். முத்திரையை மட்டும் விரலால் தடவிவிட்டு, ரேஷன் கார்டு இருக்கும் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். ‘இனிமே நம்மள ஒருத்தனும் ஒரு கேள்வி கேக்க முடியாது’ என்றார். ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியராக இருந்து, அந்த வேலை போய், மூன்றரை வருஷம் கழித்து குரூப் 4 தேர்வில் தேறி இளநிலை உதவியாளராகப் போகிறேன். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இது பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. ஆனாலும் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அம்மா சொன்னதை எங்கோ படித்திருக்கிறோமே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் பிடிபட்டது. ஓம்பிரகாஷ் வால்மீகியின் தன்வரலாறு, ‘ஜூத்தன்’ (1997). எச்சில் என்று பொருள். டேராடூனில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் பயிற்சிக்கு இடம் கிடைத்ததும் வால்மீகியின் அப்பாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மகன் சாதியிலிருந்து தப்பித்துவிட்டான் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். சாதி சாகிறவரைக்கும் கூடவே வரும் என்பது தெரியாமலே அப்பா செத்துப்போனார் என்று எழுதுகிறார் மகன். உத்தரப் பிரதேசத்து அப்பாவும் எங்கள் அம்மாவும் ஒரே கனவைக் கண்டிருக்கிறார்கள். அந்தக் கனவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை வைத்துக் கதை பண்ணுகிறவர்களைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

2

தமிழில் வேலையில்லாதவனின் கதை என்றதும் எல்லாரும் முதலில் சொல்வது கே. பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ (1980). கர்நாடக சங்கீதக் குடும்பத்துப் பையன் ரங்கன் டெல்லியில் வேலை தேடி அலைகிறான், பசியோடு கிடக்கிறான், கோபப்படுகிறான். கடைசியில் முடி திருத்தும் கடையில் கத்தியும் சீப்பும் எடுக்கிறான். உழைப்பில் உயர்வு தாழ்வு இல்லை என்பதுதான் படத்தின் பாடம். முதல் தடவை பார்த்தபோது நானும் கண் கலங்கியவன்தான். அந்தப் படத்தின் கோபம் பொய்யல்ல.

ஆனால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கத்தியைப் பரம்பரை பரம்பரையாகப் பிடித்துவந்த ஒருவர் அதைப் பிடித்தால் அது படத்தின் உச்சக் காட்சி ஆகுமா? ஆகாது. அது வெறும் முடிவெட்டு. ரங்கன் பிடிப்பதால்தான் அது தியாகமாகிறது, புரட்சியாகிறது. ‘உழைப்பில் உயர்வு தாழ்வு இல்லை’ என்ற பாடம், உயரத்திலிருந்து ஒருவன் இறங்கி வந்து சொன்னால்தான் நமக்குக் காதில் விழுகிறது. ரங்கன் நாளைக்கே கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகலாம். யாரும் தடுக்கப்போவதில்லை. டெல்லிக்கு அவன் யார் என்பதே தெரியாது. ஊர்த் தொழிலாளி கத்தியைக் கீழே வைத்தால் ஊர் சும்மா விடுமா? எங்கள் அப்பா காலத்தில், ஊர்த்தெருக் கடையில் சேரி ஆளுக்கு முடி வெட்டமாட்டார்கள். வெட்டினால் வெட்டியவரையே ஊர் தள்ளிவைக்கும். கத்தி அவர் கையில் இருந்தது. யார் தலையில் வைப்பது என்பது அவர் கையில் இல்லை. இந்தக் கதைக்கு எந்தப் படத்திலும் உச்சக் காட்சி கிடையாது.

இது பழைய படத்தோடு போகவில்லை. 2019ஆம் ஆண்டு கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியாளர் இடங்களுக்கு ஆள் கேட்டபோது சுமார் ஏழாயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். அதில் பொறியியல் படித்தவர்கள், பட்டதாரிகள் நிறைய. பத்திரிகைகள் பதறிப்போயின. பட்டதாரி கையில் துடைப்பமா! பதற வேண்டியதுதான். அன்றுவரை தலைமுறை தலைமுறையாக அந்தத் துடைப்பத்தைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்து என்றைக்காவது பதறினார்களா? துடைப்பம் அதே துடைப்பம். கை மாறியபோதுதான் செய்தியானது.

‘வேலையில்லா பட்டதாரி’ (2014) வேறு ரகம். சிவில் எஞ்சினியரிங் படித்த கதாநாயகன், படித்த படிப்புக்கான வேலைதான் வேண்டும் என்று வீட்டில் காத்திருக்கிறான். திட்டிக்கொண்டே சோறு போட ஒரு அப்பா, திட்டாமல் சோறு போட ஒரு அம்மா. வீட்டில் உலை கொதிக்கும் வரைக்கும்தானே பிடிவாதம் பிடிக்க முடியும்? கடைசியில் வேலை எப்படி வருகிறது? இறந்துபோன அம்மாவின் உறுப்பைத் தானமாகப் பெற்ற பெண்ணின் குடும்பம் நன்றிக்கடனாகக் கொடுக்கிறது. தகுதி தகுதி என்று நம்மிடம் பாடம் நடத்துகிறவர்கள் இந்த இடத்தை ஒருமுறை திரும்பப் பார்க்கலாம். கதவைத் திறந்தது தகுதியா, உறவா? உள்ளே போன பிறகு அவன் கெட்டிக்காரன்தான். நம்ம பையன்களிலும் கெட்டிக்காரன்கள் உண்டு. கதவுப் பக்கம் நம்மைத் தெரிந்த ஆள்தான் யாரும் இல்லை.

3

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் வேலையில்லாதவன் ‘சும்மா’ இருக்கிறான். மூன்றரை வருஷம் நானும் சும்மா இருந்ததாகத்தான் கணக்கு. அந்த ‘சும்மா’வில் நடவுக்கு நாற்று சுமந்தேன், கல்யாண மண்டபத்தில் பெயிண்ட் அடித்தேன், லாரியில் மூட்டை ஏற்றினேன். சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்தினேன். வேலை இல்லாமல் ஒரு நாள்கூட இருந்ததில்லை. உத்தியோகம்தான் இல்லை. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தைத் தமிழ்க் கதையும் சினிமாவும் கண்டுகொள்வதில்லை. அவர்களுக்கு வேலையின்மை என்பது உத்தியோகமின்மை. எங்களுக்கோ வேலை பிறக்கும்போதே கிடைத்துவிடுகிறது. அதிலிருந்து விடுவித்துக்கொள்ளத்தான் படிக்கிறோம்.

இரண்டாவது வருஷம் ஊர்த்தெருவில் ஒரு சாவு. பறையடிக்க ஆள் குறைகிறது. என்னைவிடப் பத்து வயது சின்னவன் பைக்கில் வந்து, காலைக் கீழே ஊன்றாமலே, ‘சும்மாத்தான கெடக்குற, வந்து ரெண்டு அடி அடிச்சுட்டுப் போடா’ என்றான். பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவன் இப்படிக் கேட்டிருக்கமாட்டான். படிப்பு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. நடுவில் சம்பளம் நின்றதும் அவனுக்கு என் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது. வேலை போனால் ரங்கன் பசியோடு டெல்லித் தெருவுக்கு வருகிறான். நாங்கள் ஒரே எட்டில் எங்கள் தாத்தாவின் இடத்துக்குப் போய்விடுகிறோம். நான் போகவில்லை. முடியாது என்று சொன்னேன். அதற்கு அடுத்த மாதம் முழுக்க எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் அவர்கள் காட்டில் கூலி வேலை இல்லை. அப்படியாக, என்னுடைய வேலையின்மை எல்லாருடைய வேலையின்மையும் ஆனது. தெருவில் யாரும் என்னைத் திட்டவில்லை. அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

4

இனி, வேலை கிடைத்த பிறகு.

அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று சிறு தன்வரலாற்றுக் குறிப்புகள் எழுதியிருக்கிறார். 1990இல்தான் புத்தகமாக வந்தது. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்துக்கு வேலைக்குப் போகிறார். படிப்பு இருக்கிறது, உத்தியோகம் இருக்கிறது, தங்க இடம் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்குகிறார். பதினோராவது நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து காலி பண்ணச் சொல்கிறது. நண்பர்களிடம் கேட்டுப் பார்க்கிறார், நடக்கவில்லை. பொழுது சாயும்வரை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, ராத்திரி பம்பாய்க்கு ரயிலேறுகிறார். நியமன ஆணை அவரிடமும் இருந்தது. சாதிக்கு அந்த ஆணையைப் படிக்கத் தெரியவில்லை.

நம் தமிழில் மறைந்த ராஜ் கௌதமன் இதைத் தெளிவாகப் புரிந்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002) படித்து முடித்து வேலை தேடும் தலித் கிறிஸ்தவ இளைஞனின் கதை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் கிறிஸ்தவர் பட்டியல் சாதியில் சேரமாட்டார். உத்தியோகத்துக்காக சிலுவை சாமியையே மாற்ற வேண்டியிருக்கிறது. அதைக்கூட அழாமல், கேலியும் கிண்டலுமாக எழுதியிருக்கிறார். இன்னொரு எழுத்தாளர் என்றால் அதோடு ‘சுபம்’ போட்டிருப்பார். ராஜ் கௌதமன் உத்தியோக வாழ்க்கையைத் தனியாக இன்னொரு நாவலாக எழுதினார். அதற்கு வைத்த பெயர் ‘காலச்சுமை’ (2003). வேலை கிடைத்தவனின் கதைக்குச் சுமை என்று பெயர் வைக்க நம்மவருக்குத்தான் தோன்றும்.

பாமாவின் ‘கருக்கு’ (1992) இன்னும் துணிச்சலானது. ஆசிரியை வேலையை விட்டுக் கன்னியர் மடத்துக்குப் போனவர், மடத்தையும் விட்டு வெளியே வந்து, கையில் எதுவும் இல்லாமல் நின்ற நேரத்தில் எழுதிய புத்தகம் அது. பிறகு அவர் ஆசிரியையாகவே வேலை பார்த்தார். ஆனால் புத்தகம் வேலைக்காகக் காத்திருக்கவில்லை. வெறுங்கையோடு நின்ற அந்த இடத்திலிருந்தே பேசியது. அதில் அண்ணனை ஒருவன் வழிமறித்துப் பெயர் கேட்கிறான். பெயரில் ஒன்றும் பிடிபடவில்லை. உடனே எந்தத் தெரு என்று கேட்கிறான். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும்.

இந்தத் ‘தெரு’க் கேள்வி ஊரோடு நிற்கவில்லை. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான படிப்புத் தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றித் தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயர் உள்ள விண்ணப்பங்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. தமிழ்நாட்டில் நாம் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமை நியாயமானதுதான். அதனால்தான் இங்கே பெயரில் கிடைக்காததைத் தெருவில் தேடுகிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த ஊரில் எனக்கு வீடு பார்த்துக் கொடுத்த புரோக்கர் முதலில் ‘சைவமா அசைவமா’ என்றார். பிறகு ‘சொந்த ஊர்லே எந்தப் பக்கம்’ என்றார். இரண்டு வீடு அந்தக் கேள்வியோடு போனது. அலுவலகத்தில் முதல் வாரமே, நல்ல மனுஷர் ஒருவர், வஞ்சனையில்லாமல் சிரித்துக்கொண்டே, ‘தம்பி எந்தக் கோட்டாவுலே வந்தாப்ல?’ என்று கேட்டார். நான் பொதுப் பிரிவு இடத்தில் வந்தவன். அதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவர் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் கோட்டாவில் வந்தவன் மட்டம் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகும். அடுத்த மேசையில் 18 சதவீதத்தில் வந்த அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். ‘எங்க கோட்டாவுலேதான் சார்’ என்றேன். அந்த அக்கா ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மத்தியானம் அவர் டப்பாவிலிருந்து ஒரு துண்டு கருவாடு என் சாப்பாட்டுக்கு வந்தது.

5

நம் எழுத்தையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நம்முடைய தன்வரலாறுகள் பலவும் பசி, பள்ளிக்கூடம், அவமானம், படிப்பு, வேலை என்று ஏறி அங்கேயே நின்றுவிடுகின்றன. நடுவில் சும்மா கிடந்த வருஷங்களை வெட்கத்தில் ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம். நானும் யோக்கியன் இல்லை. அந்த மூன்றரை வருஷமும் கூட்டங்களில் என்னை ‘முழுநேர ஊழியர்’ என்று அறிமுகப்படுத்தினார்கள். நான் மறுக்கவில்லை. மேடையில் விடுதலையைப் பற்றிப் பேசிவிட்டு, பஸ்ஸுக்குக் காசில்லாமல் அமைப்பாளரிடம் எப்படிக் கேட்பது என்று வாசலில் நின்றிருக்கிறேன். அந்த வாசலை நான் எங்கேயும் எழுதவில்லை. வேலை கிடைத்த பிறகுதான் எழுத வருகிறது என்பதும் ஒரு கோழைத்தனம்தான்.

வேலையில்லாமல் இருக்கிற தம்பி தங்கைகள் இதைப் படிப்பீர்கள். நியமன ஆணை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இப்போது இருக்கிற இடத்திலிருந்தே எழுதுங்கள். வேலைக்குப் போய்விட்டவர்கள் ஆணை வந்த பிறகு நடந்ததை எழுதுங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான் இந்தக் கதை முழுசாகத் தெரியும்.

வீட்டு விஷயத்தையும் கோட்டா கேள்வியையும் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வால்மீகியின் அப்பா தெரியாமலே போனார். என் அம்மாவுக்கு இந்தக் கட்டுரையை அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வாசித்துக் காட்டப்போகிறேன்.