ஓர் ஆண்டுக்குள் அடங்காத வாக்குத்தத்தம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடியும் நேரத்தில் எங்கள் சபையில் ஒரு தட்டு வரிசை வரிசையாக வரும். அதில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். உள்ளங்கை அகலத்தில் வழவழப்பான அட்டை, அருவியோ சூரிய உதயமோ படமாக, நடுவில் ஒரு வசனம், கீழே சபையின் பெயர். கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுப்போம். தேவன் அந்த ஆண்டு நமக்கென்று வைத்திருக்கும் சித்தம் அதில் இருப்பதாக நம்புவோம். வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்விதான்: "உனக்கு என்ன வசனம் வந்தது?"

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்கள் சபைக்குள்ளேயே உண்டு. என்னால் அப்படி ஒதுக்க முடியாது. என் அம்மாவின் வேதாகமத்துக்குள் இருபத்திரண்டு அட்டைகள் இருந்தன. பின்புறத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்: அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த தேதி, வீட்டுக் கடன் அடைந்த மாதம், அக்காவுக்கு வேலை கிடைத்த நாள். உட்கார்ந்து ஓர் அதிகாரம் படிக்க நேரமில்லாத அவருக்கு, அடுப்படியில் சொல்லிச் சொல்லிப் பார்க்க ஒரு வசனம் கையில் இருந்தது. விசுவாசத்தில் நிலைத்திருப்பது என்பது பெரும்பாலும் காலையில் எழுந்து அன்றைய பாட்டைப் பார்ப்பதுதான். அதற்கு அந்த அட்டை அவரைத் தாங்கியது.

சீட்டுப் போட்டு வசனம் எடுப்பது நேற்று முளைத்த வழக்கமும் அல்ல. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் மொரேவியன் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் 1728 முதல் நாளுக்கு ஒரு வசனம் என்று வைத்துக்கொண்டார்கள். 1731 முதல் அது புத்தகமாகவே வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தை இன்றும் சீட்டில்தான் எடுக்கிறார்கள். ஆனால் அந்த வசனம் எல்லோருக்கும் பொதுவானது. அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தை மனிதர்கள் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் தட்டில் இந்த இரண்டும் இல்லை. வசனம் தனி ஆளுக்குப் போகிறது, யோசிக்கும் வேலை யாருக்கும் இல்லை.

இதனால் வரும் கேட்டை அறிய, அட்டைகளில் அதிகம் தென்படும் எரேமியா 29:11 போதும். தம் மக்களுக்காகத் தேவன் நினைத்திருப்பது தீங்கல்ல, நல்ல முடிவே என்று சொல்லும் வசனம். வேலை தேடுகிறவரும் வரன் பார்க்கிறவரும் அதைத் தமக்கென்றே எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு முந்தின வசனத்தை அட்டையில் அச்சிட்டு நான் பார்த்ததில்லை. எழுபது ஆண்டுகள் நிறைவேறிய பிறகுதான் என்கிறது அது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து போன கடிதம் இது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், சிறைப்பட்டுப் போன அந்த ஊரின் நலனுக்காகவே ஜெபியுங்கள் என்று எரேமியா எழுதினார். அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே கண் மூடியிருப்பார்கள்.

முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். ஆலயத்தில் எல்லோரும் பார்க்க எரேமியாவின் கழுத்திலிருந்த மரநுகத்தை எடுத்து உடைத்து, இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றான். கேட்டவர்களுக்கு எத்தனை ஆறுதலாக இருந்திருக்கும்! கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்பதே வேதத்தின் தீர்ப்பு. எழுபது ஆண்டைப் பன்னிரண்டு மாதமாகச் சுருக்கும்போது, எரேமியாவின் பெயரைப் போட்டு அனனியாவின் செய்தியைத்தான் கொடுக்கிறோம்.

எங்கள் உறவில் ஒரு பெண் குழந்தைக்காகப் பதினோரு வருடம் காத்திருந்தார். கர்ப்பத்தின் கனியைப் பற்றிய வசனம் அவருக்கு மூன்று முறை வந்தது. மூன்றாவது வருடக் கடைசியில் ஊழியக்காரர் ஒருவர், "உங்க விசுவாசத்துலதாம்மா எங்கயோ குறை இருக்கு" என்று சொல்லிவிட்டார். அடுத்த டிசம்பர் 31, தட்டு எங்கள் வரிசைக்கு வருமுன் எழுந்து போனார். செருப்பு விடும் இடத்தில் தனியாக நின்றிருந்ததைப் பார்த்தேன். அதே இரவில் உள்ளே, வசனம் நிறைவேறியவர்கள் மட்டும் எழுந்து சாட்சி சொன்னார்கள். எபிரெயர் 11ஆம் அதிகாரமோ, வாக்களிக்கப்பட்டதை அடையாமல் மரித்தவர்களைத்தான் விசுவாசத்துக்கு உதாரணமாக நிறுத்துகிறது.

இதற்கு உதாரணமாக நம் திருநெல்வேலிப் பக்கமே மிஷனெரி ஏமி கார்மைக்கேல் இருந்தார். 1893இல் ஜப்பானுக்கு ஊழியத்துக்குப் போய், உடல் கெட்டுத் திரும்பினார். 1895இல் இந்தியா வந்தார். டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தாயானது அதற்குப் பிறகுதான். 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் படுக்கையில் இருந்தபடியே எழுதினார். அந்த வாழ்க்கையின் நோக்கத்தை ஒரு வருடத்து வசனத்தில் அடைத்திருக்க முடியுமா?

அட்டையை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. அம்மாவின் இருபத்திரண்டில் ஆறு அட்டைகளின் பின்புறம் வெறுமையாகவே இருந்தது. குறித்து வைக்க எதுவும் நடக்காத வருடங்கள் அவை. அவற்றையும் அவர் எறியவில்லை.

போதகர்களிடம் நான் கேட்பது இதுதான். அட்டையின் பின்புறத்தில், அந்த வசனம் யாருக்கு எப்போது சொல்லப்பட்டது என்று இரண்டு வரி அச்சிடுங்கள். சிலுவை சுமக்கச் சொல்லும் வசனங்களையும் தட்டில் சேருங்கள். இந்த டிசம்பர் 31 இரவு, இன்னும் காத்திருக்கிறவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாட்சி சொல்லச் சொல்லுங்கள்.