இறந்ததாக அறிவிக்கப்பட்ட கரை

'புத்துயிர்' என்ற சொல்லில் எனக்குச் சந்தேகம் உண்டு. நகர நிர்மாணம் பற்றிய அறிக்கைகளில் இந்தச் சொல் தென்படும்போதெல்லாம், அதற்கு முன்னதாக ஒரு மரண அறிவிப்பு எங்கோ வெளியாகியிருக்க வேண்டும். அறிவித்தது யார், எந்தப் பரிசோதனைக்குப் பின், என்று கேட்பவர் குறைவு. ஸிட்னியில் டார்லிங் ஹார்பர் நீர்க்கரையில் முப்பது வருஷங்களுக்குள் இரண்டு மாநாட்டு மையங்கள் எழும்பியிருக்கின்றன, முதலாவதை இடித்த இடத்திலேயே இரண்டாவது. இரண்டுக்கும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றேதான். இலக்கியப் பத்திரிகையில் கட்டடத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். ஒரு சொல் என்னென்ன காரியங்களைச் செய்துவிடுகிறது என்று பார்ப்பது நம் வேலைதான் என்று நினைக்கிறேன்.

கடிகல் மக்கள் தும்பலாங் என்றழைத்த கரை அது. அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்று போட்ட சிப்பிக் குவியல்களை வெள்ளைக்காரன் சுட்டுச் சுண்ணாம்பாக்கித் தன் வீடுகளைக் கட்டிக்கொண்டான். முதல் மரண அறிவிப்பு அதுதான். அதை யாரும் எழுதிக்கூட வைக்கவில்லை. 1826-ல் கவர்னர் ரால்ஃப் டார்லிங்கின் பெயர் நீர்ப்பரப்புக்கு வந்தது. 1855-ல் ஸிட்னியின் முதல் ரயில் பாதை போட்டபோதே ஒரு சரக்குக் கிளை இங்கே இறங்கியது. பிறகு கம்பளியும் தானியமும் கூட்ஸ் வண்டிகளும். கிழக்குக் கரையில், 1930களின் பஞ்ச காலத்தில், துறை துறையாக வேலை கேட்டு நடந்த கூலிகள் அந்தத் தெருவுக்குப் 'பசி மைல்' என்று பெயர் வைத்தார்கள். எர்னஸ்ட் ஆன்டனி என்ற தொழிலாளி அந்தப் பெயரிலேயே ஒரு கவிதை எழுதினார்.

1979-ல் பாட்டனி விரிகுடாவில் கன்டெய்னர் துறைமுகம் திறந்தது. சரக்கு இடம் மாறிற்று. 1984-ல் டார்லிங் ஹார்பர் கூட்ஸ் யார்டு மூடப்பட்டது. ஆகவே அந்த இடம் செத்துவிட்டது என்று சொன்னதில் பொய் ஏதும் இல்லை என்று ஒருவர் வாதிக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். பழைய யார்டுக்காகக் கண்ணீர் விடுகிற ரகம் இல்லை நான். அதில் முதுகொடிந்தவர்கள் எவரும் விட்டதாகத் தெரியவில்லை. என் கேள்வி, அடுத்து வந்தது என்ன என்பது.

1984-ல் மாநிலப் பிரதமர் நெவில் ரான் திட்டத்தை அறிவித்தார். வெள்ளையர் குடியேறி 200 ஆண்டு நிறையும் 1988-க்குள் முடிந்தாக வேண்டும். அவசரத்துக்குத் தோதாகத் தனிச் சட்டம், தனி ஆணையம்; நகராட்சியின் வழக்கமான திட்ட அனுமதி முறைகள் அங்கே செல்லாது. கரையை மக்களுக்குத் திருப்பித் தருகிறோம் என்பது பேச்சு. முன்மாதிரி அமெரிக்காவின் பால்டிமோர். அங்கே 1979-ல் மாநாட்டு மையம், 1980-ல் ஜேம்ஸ் ரவுஸின் ஹார்பர்பிளேஸ் கடைவரிசை. உலகத் துறைமுகங்களெல்லாம் இந்த ஜோடியைப் பார்த்து எழுதின. (மூலமான ஹார்பர்பிளேஸ் 2019-ல் கோர்ட் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போயிற்று. நகல்கள் மூலத்தைவிட நன்றாக நடந்துகொண்டன என்பது வேறு விஷயம்.)

1988 மே 4 அன்று ராணி வந்து திறந்துவைத்தார். அந்த வருஷம் ஜனவரி 26 அன்றே பழங்குடி மக்களும் உடன் நின்றவர்களும் பல்லாயிரம் பேர் ஸிட்னித் தெருக்களில் ஊர்வலம் போயிருந்தார்கள். அந்த 200 ஆண்டு அவர்களுக்கு வேறு கணக்கு.

பொருட்காட்சி மண்டபம் ஃபிலிப் காக்ஸுடையது: பாய்மரங்களைப் போலக் கம்பங்கள், அவற்றிலிருந்து கம்பிவடங்கள் தாங்கிப் பிடித்த கூரை. மாநாட்டு மையம் ஜான் ஆண்ட்ரூஸுடையது. ஹார்வர்டில் கட்டடக்கலைப் பள்ளிக்கே கட்டடம் கட்டிக் கொடுத்தவர். தலைக்கு மேலே போகும் நெடுஞ்சாலைகளின் முரட்டுத்தனத்துக்கு ஈடுகொடுத்து நின்ற, கனத்த வளைந்த கட்டடம். இரண்டையும் நான் புகைப்படங்களில்தான் பார்த்திருக்கிறேன். நான் போனது 2018-ல். இடித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அச்சில் இல்லாத புத்தகத்தை யாரிடமாவது கடன் வாங்கலாம். இதற்கு அந்த வழியும் இல்லை. எனவே ஆண்ட்ரூஸின் கட்டடம் நல்ல கட்டடமா என்ற தீர்ப்பை நான் தரப்போவதில்லை. தரும் யோக்யதை இல்லை. தெரிந்த கட்டடக்கலைஞர்கள் பலர் இடிப்பதை எதிர்த்தார்கள். நடக்கவில்லை. 2013 டிசம்பரில் மூடி, பின்பு இடித்தார்கள். வயது இருபத்தைந்து. அந்த வருஷமே, கூடப் பிறந்த மானோரயிலும் நின்றுபோயிற்று. ஆண்ட்ரூஸ் 2022-ல் காலமானார். அதாவது அவர் கட்டடத்தைவிட அதிக நாள் அவர் இருந்தார். ஒரு கட்டடக்கலைஞனுக்கு இதைவிட விநோதமான நிலை என்ன இருக்க முடியும்.

குற்றம் என்ன? கட்டடம் தோற்றுவிடவில்லை. போதவில்லை, அவ்வளவுதான். மெல்போர்ன் 2009-ல் யாரா நதிக்கரையில் பெரிய மாநாட்டு மையம் திறந்துவிட்டது; 2010-ல் சிங்கப்பூர் மரினா பே. பெரிய மாநாடுகள் அங்கே போய்விடும் என்ற பயம். ஹேவுட் ஸாண்டர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2014-ல் மாநாட்டு மையங்களின் மடமை பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அவருடைய நாட்டில், மண்டபம் காலியாகக் கிடந்தால் அதற்கு மருந்து மண்டபத்தைப் பெரிதாக்குவது என்று ஆலோசகர்கள் எழுதித் தருகிறார்கள். ஸிட்னியில் மண்டபம் நிறைந்திருந்தது. மருந்து மட்டும் அதுவே. வெற்றி தோல்வி இரண்டுக்கும் ஒரே சிகிச்சை தரும் வைத்தியத்தை நாம் வேறு பெயரில் அழைப்போம்.

நம்மூர்க் கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். நேற்றைய தம்பதியின் பெயர்ப்பலகையைக் கழற்றி இன்றைய பலகையை மாட்டுகிறார்கள். மண்டபத்திடம் பதிவேடு உண்டு, சரித்திரம் கிடையாது. கோயில் மண்டபத்தை ஒருவன் தன்னுடையது என்று நினைப்பது போல இதை யாரும் நினைப்பதில்லை. மாநாட்டு மையத்தின் சாராம்சமும் இந்தக் காலிதான். இதய வைத்தியர்கள் மூன்று நாள், பிறகு சுரங்க முதலாளிகள், பிறகு சமையலறைச் சாமான்கள். கழுத்தில் அட்டை மாட்டியவனுக்குக் கதவு திறக்கும். நகரத்தின் கரையிலேயே உட்கார்ந்திருந்தாலும் நகரத்துக்காரனுக்கு உள்ளே வேலை இல்லை. ஓட்டல் அறைகள் நிரம்பும் என்பது உண்மை. அது ஸ்தாபனங்களின் கணக்கு. மக்களுக்குத் திருப்பித் தந்ததற்கு இதை அத்தாட்சியாகக் காட்டுவதில்தான் சொல் புரண்டுபோகிறது. உள்ளே ஞாபகம் சேராத கட்டடத்தை இடிக்கும்போது தடுக்க ஆள் சேர்வதும் கஷ்டம்.

புதியது 2016 டிசம்பரில் திறந்தது. 35,000 சதுர மீட்டர் காட்சிப் பரப்பு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தளங்கள், 8,000 பேர் கொள்ளும் அரங்கு. செலவு 150 கோடி டாலர். கூடவே ஓட்டல் கோபுரம், குடியிருப்புக் கோபுரங்கள். கண்ணாடி முகப்பு மோசமில்லை. பளபளவென்று, எந்த ஊரில் வைத்தாலும் பொருந்தும். நான் அதன் முன்னால் நின்றபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

தோன்றியது கொஞ்சம் தள்ளி. ராபர்ட் உட்வர்டின் நீர்ச்சுழல், 1988-ல் ஆண்ட்ரூஸின் கட்டடத்துக்கு முன்னால் அமைத்தது. தரைக்குக் கீழே சுருண்டு இறங்கும் படிகள், அவற்றின் மேல் தண்ணீர். கட்டடம் போய்விட்டது, அதன் வாசலில் இருந்தது மட்டும் சட்டப் பாதுகாப்போடு இருக்கிறது. சாயங்காலம். ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, குழந்தையைச் சுழலின் நடுவரை நடத்திக் கூட்டிப்போனாள். யாரும் அட்டை கேட்கவில்லை. திருப்பித் தந்தார்கள் என்று சொன்னதில் இவ்வளவு நிஜம். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது வெறும் வசை ஆகிவிடும்.

இன்னொன்று பிர்மான்ட் பாலம். 1902-ல் கட்டியது, கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி மின்சாரத்தில் திரும்பும். 1981-ல் வண்டிகளை நிறுத்தி, இடிப்பதென்று முடிவெடுத்திருந்தார்கள். எதிர்ப்பு வந்தது, தப்பித்தது. இப்போது அதன்மேல் ஜனங்கள் நடக்கிறார்கள். நானும் நடந்தேன். மேற்குப் பக்கத்தில் 1988-ன் ஹார்பர்ஸைட் கடைக்கட்டடம் அன்று இருந்தது. அதையும் 2023-ல் இடிக்கத் தொடங்கினார்கள், அந்த இடத்தில் குடியிருப்புக் கோபுரம் வரும் என்று.