விருத்தன் வேஷம்

வள்ளி திருமணம் நாடகத்தில் முருகன் மூன்று உருவம் எடுக்கிறார்: வேலன், வேடன், விருத்தன். முதல் இரண்டுக்கும் நல்ல சாரீரம் இருந்தால் போதும்; மிச்சத்தை ஜிகினா உடுப்பு பார்த்துக்கொள்ளும். கதாநாயகனாக நடிக்கும் ராஜபார்ட்டின் சரக்கு மூன்றாவதில்தான் தெரியும். தலையில் ஒரு துண்டு, கையில் ஒரு கோல். கிழவர் பசி என்கிறார், வள்ளி தேனும் தினைமாவும் கொடுக்கிறாள், விக்கல் எடுக்கிறது, தண்ணீர் கேட்கிறார். எல்லாம் நாடகம் என்று நமக்குத் தெரியும், வள்ளிக்குத் தெரியாது. அவளுக்கு நிஜக் கிழவனாகவும் நமக்குக் கள்ளக் கிழவனாகவும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக் கொடுத்த நாடகங்களில் நடிகனை இவ்வளவு சோதிக்கிற இடம் குறைவு.

தொட்டியம் மதுரகாளியம்மன் தேரை ஆட்கள் தோளில் தூக்கி வரும் பங்குனி மாதம். அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, வாழைத்தோப்பை ஒட்டிய ஒரு கிராமத்தில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தேன். விருத்தனாக வந்த ராஜபார்ட்டுக்கு முப்பது வயது இருக்கும். முதுகை வில்லாக வளைத்தார், தலையிலிருந்து கால்வரை உதறினார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மேடையோரம் ஆர்மோனியக்காரருக்குப் பின்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்து ராஜபார்ட், எழுபதைத் தாண்டியவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் சாய்ந்து சொன்னார்: “கிழவன் நடுக்கத்தைக் காட்ட மாட்டான் தம்பி. மறைக்கத்தான் பார்ப்பான்.”

அந்த ஒரு வரிக்குப் பிறகு நான் விருத்தனைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. நல்ல விருத்தன் கோலை ஊன்றுவதற்கு முன் தரையை ஒரு கணம் பார்க்கிறார். உட்காரும்போது வலிக்கு முகம் சுளிப்பதில்லை. பேச்சை மட்டும் பாதியில் நிறுத்தி, உட்கார்ந்த பிறகு தொடர்கிறார். பாட்டிலும் அப்படித்தான். மேலே போக வேண்டிய இடத்தில் எட்டாததுபோல் விட்டுவிட்டு, அடுத்த அடியில் தாளத்தை மட்டும் கச்சிதமாகப் பிடிக்கிறார். குரலுக்கு வயதாகும், லயத்துக்கு ஆகாது என்பதை அங்கே கேட்கலாம்.

எஸ்.ஜி. கிட்டப்பா வேலனாகவும் கே.பி. சுந்தராம்பாள் வள்ளியாகவும் ஜோடி சேர்ந்தது 1920-களில் கொழும்பு மேடையில். ஐந்து கட்டைக் குரல் என்று இன்றும் பேசப்படும் கிட்டப்பா, எத்தனையோ இரவு கிழவராக வந்து வள்ளியிடம் தண்ணீர் கேட்டிருப்பார். 1933-ல் இறந்தபோது அவருக்கு வயது 27. தொட்டியத்திலிருந்து காவிரியை எதிர்த்துப் போனால் வரும் கொடுமுடியில் பிறந்த அந்த வள்ளி, கிட்டப்பாவை இழந்து வெள்ளைச் சேலைக்கு மாறி, 1953-ல் திரையில் ஔவையாராக வந்தார். அதற்கு முன்பே மேடையில் ஔவையாக நின்று, ஔவை என்பதையே பெயரோடு சேர்த்துக்கொண்டவர் தி.க. சண்முகம், முப்பதை ஒட்டிய வயதில் கட்டிய கிழவி வேஷம் அது. மூப்பை இத்தனை ஆசையாகப் பார்த்த ஊர் இது.

மேடையில் நிஜமாகவே மூப்படைந்தவர்கள் எங்கே போனார்கள்? பழைய நாளில் நாடகக் கம்பெனியே வீடாக இருந்தது. 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் கம்பெனியைத் தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகள், கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சிழந்தார். அதற்காகக் கம்பெனி அவரை எங்கும் அனுப்பிவிடவில்லை. ஊர் ஊராகப் போன பிள்ளைகளோடு அவரும் போனார். 1922 நவம்பரில் புதுச்சேரியில் கண்மூடினார்.

கும்பகோணம் பாலாமணி அம்மாள் ஒருபடி மேலே போனவர். அவர் நாடகம் பார்க்க வருகிறவர்களுக்காகத் திருச்சியிலிருந்து விட்ட ரயிலுக்கே ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று பெயர். முழுக்கப் பெண்களைக் கொண்டு நடத்திய அந்தக் கம்பெனியில் ஆதரவற்றவர்களுக்கும் தாசி மரபில் வந்து நிலையிழந்தவர்களுக்கும் சோறும் வேஷமும் சேர்ந்தே கிடைத்தன. அவருடைய முதுமைக்கு அப்படியொரு கூரை வாய்க்கவில்லை. மதுரையில் வறுமையில் இறந்தார். இறுதிக் காரியத்துக்குக் கலைஞர்கள் பணம் திரட்ட வேண்டியிருந்தது.

கம்பெனிகள் கலைந்து ஸ்பெஷல் நாடகம் வந்தது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து வந்து, ஒத்திகை இல்லாமல் மேடையிலேயே சந்திக்கிறார்கள். அங்கே அவர்களுக்குள் எழும் உடனடித் தர்க்கத்தில்தான் இதன் ருசியே இருக்கிறது. ஆனால் விடிந்ததும் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பஸ். சேர்ந்து சமைத்த அடுப்பு இல்லாததால் சேர்ந்து மூப்படைய இடமும் இல்லை. இயல் இசை நாடக மன்றம் நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை தருகிறது. அது அரிசிக்கு உதவும். பாட்டைக் கேட்க ஆள் தராது.

பிரான்சில் கொக்லான் என்ற நடிகர் இதை யோசித்தார். 1897-ல் சிரனோ நாடகத்தின் நாயகன் வேஷத்தை முதலில் கட்டியவர். புகழின் உச்சியில் இருந்தபோதே, பாரிசுக்கு வெளியே போந்த்-ஓ-தாம் என்ற ஊரில் ஓய்வுபெற்ற நடிகர்களுக்கு இல்லம் அமைத்தார். அடுத்த நாடகத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த 1909 ஜனவரியில் அங்கேயே இறந்தார். அந்த வளாகத்திலேயே அடக்கமும் ஆனார். மிலான் நகரில் இசைக் கலைஞர்களுக்கு வெர்டி கட்டிய இல்லத்துக்கு 1902-ல் முதல் ஆட்கள் வந்தார்கள். தான் இறந்த பிறகுதான் திறக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். இப்போது அங்கே முதியவர்களோடு இசை மாணவர்களும் தங்குகிறார்கள். தொட்டியத்துக்கு ஒன்று கேட்கச் சொன்னால் இந்த ஏற்பாட்டைத்தான் கேட்பேன்: ஆற்றங்கரையில் நாலு அறை, ஓர் ஆர்மோனியம், படிக்க வரும் பிள்ளைகள்.

கொக்லான் நடித்த அந்த சிரனோ நாடகத்தின் கடைசிக் காட்சியில் பதினைந்து வருடம் கடந்திருக்கும். தலையில் பட்ட அடியைத் தொப்பியால் மூடிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் சிரனோ தான் காதலிக்கும் ரொக்சானிடம் வம்பளப்பார். நம் பெரியவர் சொன்ன வித்தைதான் அது.

நாடகம் முடிந்து விடியற்காலையில் டீக்கடைக்குப் போனோம். இளம் ராஜபார்ட்டும் வேஷம் கலைத்துவிட்டு வந்து, “எப்படியிருந்துச்சுங்கய்யா?” என்றார். “நல்லா செஞ்ச. விக்கல மட்டும் கொஞ்சம் கொறச்சுக்க” என்ற பெரியவர், தனக்கு வந்த கிளாசைக் கையில் வாங்கவில்லை. “சூடு ஆறட்டும்” என்று பெஞ்சில் வைக்கச் சொல்லிவிட்டு, பேச்சை வேறு பக்கம் திருப்பினார். நாங்கள் குடித்து முடித்து, எல்லாரும் பஸ் வருகிறதா என்று திரும்பிய நேரத்தில், இரண்டு கையாலும் கிளாசை எடுத்தார்.