வஞ்சினமும் சபதமும்: பாரதியாரின் மாஜினிப் பாட்டு ஒரு நோக்கு

பாரதியார் பாடல்களுள் 'மாஜினியின் சபதம்' மிகுதியாகப் பயிலப்படாத ஒன்று. மொழிபெயர்ப்பு என்னும் ஒரு காரணம் பற்றியே அதனைப் பலர் கடந்து செல்வர். மூலம் பிறருடையது, கருத்தும் பிறருடையது, ஆதலின் பாரதியாரின் உள்ளத்தை அறிய அது துணைசெய்யாது என்பது அவர்தம் எண்ணம் போலும். இவ்வெண்ணம் பொருந்தாது என்பதே நம் கருத்து. ஓர் உறுதிமொழியை மொழிபெயர்ப்பவன் கதையை மொழிபெயர்ப்பவனைப் போன்றவன் அல்லன். 'யான் இது செய்வேன்' என்னும் தன்மைக் கூற்றைத் தன் மொழியில் அமைக்குங்கால், அக்கூற்றில் தானும் ஓரளவு கட்டுண்கின்றான். எங்கே மூலத்தைப் பின்பற்றினான், எங்கே கூட்டினான், எங்கே விடுத்தான் என்பவை அவன் உள்ளக் கிடக்கையைக் காட்டுவனவாகும். அவற்றை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்குத் தமிழின் பழைய வஞ்சின மரபு இன்றியமையாதது. தொல்காப்பியர் காஞ்சித்திணையின் துறைகளுள் வஞ்சினத்தையும் ஒன்றாக வைத்தார். இன்ன செயலில் தவறுவேனாயின் இன்ன கேடு என்னை அடைக என்று தன்மேல் ஏற்றிக் கூறுதலே அதன் இலக்கணம். புறநானூற்றின் 71, 72, 73ஆம் பாடல்கள் இத்துறைக்குச் சிறந்த இலக்கியங்கள். மூன்றும் அரசர் பாடியவை என்பது நினைவுகொள்ளத் தக்கது.

ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன், பகைவரைப் போரில் புறங்காணேனாயின் தன் மனைவியைப் பிரிவேனாகுக என்கின்றான். அறங்கூறும் அவையில் தகுதியில்லாதவனை அமர்த்தி முறை பிறழ்ந்தவனாகுக என்கின்றான். மாவன், ஆந்தை முதலிய நண்பரைப் பெயர் சுட்டி, அவர்தம் நகையின்பத்தை இழப்பேனாகுக என்கின்றான். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், குடிகள் தன்னைக் கொடியன் என்று தூற்றுக என்றும், மாங்குடி மருதன் தலைவனாகிய புலவர் தன் நாட்டைப் பாடாது ஒழிக என்றும், இரப்பார்க்கு ஈய இயலாத வறுமை தன்னை அடைக என்றும் கூறுகின்றான். நலங்கிள்ளியோ, பகைவர் பணிந்து இரப்பின் நாட்டையும் உயிரையும் கொடுப்பேன் என்று தொடங்கி, இகழ்ந்தாரை அழியேனாயின் அன்பில்லாத மகளிரின் முயக்கத்தில் தன் மாலை துவள்க என்று முடிக்கின்றான்.

இம்மூன்றிலும் பொதுவாகக் காணப்படும் இயல்புகள் சில உள. முதலாவது, செயல் வரையறுக்கப்பட்டது. ஒரு போர், அது முடியின் வஞ்சினமும் முடியும். இரண்டாவது, சான்றாக நிற்போர் தெய்வங்கள் அல்லர். மனைவி, நண்பர், புலவர், குடிகள் என அறிந்த மாந்தரே. மூன்றாவது, அரசன் பணயமாக வைப்பன எல்லாம் அவன் உடைமைகள். அவனுக்கு நாடு உண்டு, அவை உண்டு, பாடுவார் உண்டு, காதலும் நட்பும் உண்டு. உடையவன் தான் உடையதை முன்வைத்துச் சூளுரைக்கின்றான். வஞ்சினத்தின் வலிமை அவ்வுடைமையின் வலிமையே.

நாட்டை இழந்தவன் எதனை முன்வைத்துச் சூளுரைப்பான்? இவ்வினாவிற்கு விடையாக அமைந்தது மாஜினியின் உறுதிமொழி. 1805இல் ஜெனோவாவில் பிறந்த மாஜினி இளமையிலேயே கார்பனாரி என்னும் மறைவுச் சங்கத்தில் சேர்ந்தார். 1830இல் சிறைப்பட்டுச் சவோனாக் கோட்டையில் வைக்கப்பட்டார். விடுதலையானபின் நாடு கடந்து, மார்செயில் நகரில் 1831இல் 'இளைய இத்தாலி' என்னும் சங்கத்தை நிறுவினார். கார்பனாரியில் சேர்ந்தபொழுது தாம் செய்த சூளைப் பற்றி அவர் பின்னர் எழுதிய குறிப்பு நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது. அச்சூள் கீழ்ப்படிதலை மட்டுமே கூறிற்று. அடையவேண்டிய குறிக்கோள் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை என்று அவர் ஐயுற்றார். ஆகவே தாம் வகுத்த உறுதிமொழியில் குறிக்கோளை வெளிப்படையாக வைத்தார். இத்தாலி ஒன்றுபட்டதாய், விடுதலையுடையதாய், பிறர் சார்பற்றதாய், குடியரசாய் விளங்கவேண்டும் என்பதே அது.

இவ்வுறுதிமொழி உரைநடையில் அமைந்தது. அதன் முற்பகுதி எவற்றின்மேல் ஆணையிடப்படுகின்றது என்பதைக் கூறுவது. கடவுள், நாடு, நாட்டிற்காக மாண்டோர் என்று தொடங்கி, பிற நாட்டார்முன் நிற்குங்கால் தனக்கென நாடும் கொடியும் குடியுரிமையும் இல்லாமையால் முகத்தில் எழும் நாணத்தின்மேல் ஆணை என்றும், தூக்கிலும் சிறையிலும் வேற்று நாட்டிலும் மக்களை இழந்த தாய்மாரின் கண்ணீர்மேல் ஆணை என்றும், கோடிக்கணக்கானோர் படும் துயரின்மேல் ஆணை என்றும் அது வளர்கின்றது. தமிழ் வஞ்சினத்தோடு இதனை ஒப்பிடின் வேற்றுமை தெளிவாகும். பாண்டியன் தன் உடைமைமேல் சூளுரைத்தான்; மாஜினி தன் இன்மைமேல் சூளுரைக்கின்றார். நாணமும் கண்ணீரும் இழப்புமே அவருக்கு எஞ்சிய பொருள்கள். அரசனின் வஞ்சினம் அடிமை நாட்டு இளைஞனின் சபதமாக மாறுங்கால் நேரும் அடிப்படை மாற்றம் இதுவே.

இனிப் பாரதியாரின் ஆக்கத்தைக் காண்போம். எழுசீர் ஆசிரிய விருத்தத்தால் அமைந்த அப்பாடலில், 'ஆணை' என்னும் சொல் மீண்டும் மீண்டும் அடுக்கி வந்து கேட்போர் செவியில் முரசம் போல் விழுகின்றது. பிற்காலத்துப் பாஞ்சாலி சபதத்திலும் வீமன் சூளுரைக்குமிடத்து இவ்வடுக்கு மீண்டும் எழுதலைக் காணலாம். மூலத்தின் கருத்துகளைப் பாரதியார் பெரும்பாலும் வரிசை பிறழாமலே தருகின்றார். ஆயினும் நான்கு இடங்களில் அவர் கை தனித்துத் தெரிகின்றது.

ஒன்று: மூலத்தில் இத்தாலியின் பெயர் பன்முறை வருகின்றது. பாரதியாரின் செய்யுளுள் அப்பெயர் ஓரிடத்தும் இல்லை. 'என் நாடு', 'எங்கள் நாடு', 'தாய்நாடு' என்றே எங்கும் அமைகின்றது. சங்கத்தின் பெயரும் நாட்டுப் பெயர் நீங்கி 'வாலிபர் சபை' என நிற்கின்றது. தலைப்பை நீக்கிவிட்டு இப்பாடலை ஓதுவோன் தன் நாட்டின் பொருட்டுச் சபதம் செய்கின்றவன் ஆகிவிடுகின்றான். அடக்குமுறைச் சட்டங்கள் நிலவிய காலத்தில் இத்தாலியன் ஒருவனின் சொல்லைத் தமிழனின் வாயில் வைப்பதற்கு இதனினும் நுண்ணிய வழி இல்லை.

இரண்டு: மூலத்தில் உறுதிமொழி செய்வோன் தன் பெயரைச் சங்கத்திற்குத் தருவதாகக் கூறுகின்றான். பாரதியார் பெயரை விடுத்து, உடல், பொருள், ஆவி மூன்றையும் தத்தம் செய்ததாகப் பாடுகின்றார். பெயரைப் பட்டியலில் எழுதுதல் மேனாட்டுச் சங்க வழக்கு. தத்தமோ கொடுத்ததைத் திரும்பப் பெறலாகாத தானம். ஒரு சொல்லை மாற்றியதால் சங்கத்தில் சேர்தல் என்னும் செயல் வேள்விக்கு நிகரான கொடையாக உயர்கின்றது. மேலும், இன்மைமேல் ஆணையிட்டவனுக்கும் கொடுப்பதற்கு ஒன்று உண்டு என்பதை இவ்விடம் காட்டுகின்றது. நாடில்லாதவனுக்கும் உடலும் உயிரும் உள. வஞ்சினத்தின் பழைய உடைமை இங்கே வேறு உருவில் மீள்கின்றது.

மூன்று: தவறுவோனுக்கு மூலம் கூறும் கேடுகள் கடவுளின் சினம், மக்களின் வெறுப்பு, பொய்ச்சூளுரைத்தான் என்னும் பழி என்பன. பாரதியார் இவற்றொடு நரகத் தீயில் நாளும் உழல்வதையும் சேர்க்கின்றார். மக்கள் வெறுப்பு என்பது நெடுஞ்செழியன் அஞ்சிய குடிபழி தூற்றலை நமக்கு நினைவூட்டும். ஆனால் நெடுஞ்செழியனைத் தூற்றுவோர் அவன் குடைநிழலில் வாழ்வோர். மாஜினியை வெறுப்போர் அவரோடு ஒப்ப நிற்கும் உடன்குடிமக்கள்.

நான்காவது இடமே பெரிதும் ஆராய்தற்குரியது. சங்கத்தின் ஆணைகளுக்குக் கீழ்ப்படிதல் பற்றி மூலம் கூறுமிடத்து ஒரு வரையறை உண்டு. இளைய இத்தாலியின் நோக்கத்தோடு பொருந்திய அறிவுரைகளுக்கே உறுப்பினன் கட்டுப்படுவான். கார்பனாரியின் குறிக்கோளற்ற கீழ்ப்படிதலைக் கண்டு ஐயுற்ற மாஜினி, அவ்வையத்தின் பயனாகச் சேர்த்த வேலி இது எனக் கொள்ளுதல் தகும். பாரதியார் பாட்டில் இவ்வேலி இல்லை. சபைத் தலைவராயிருப்போரின் ஆக்கினைகள் அனைத்தையும் தலைமேற்கொள்வேன் என்றே அங்கு வருகின்றது. மூலத்தில் இல்லாத 'தலைவர்' என்னும் சொல் புகுந்தது. 'அனைத்தும்' என்பது முழுமை பெற்றது. நோக்கத்தோடு பொருந்துதல் என்னும் வரையறை விடுபட்டது.

யாப்பின் நெருக்கடியால் இது நேர்ந்தது என்று சிலர் அமைதி கூறக்கூடும். எழுசீர் விருத்தத்தில் இடம் இல்லாமற் போயிற்று என்பது வலிய வாதம் அன்று. ஆணைகளை அடுக்குவதற்கு எத்தனையோ அடிகளைத் தாராளமாக வழங்கியவர் பாரதியார். வேறொரு விடை சிறிது வலியுடையது. நாட்டின் ஒருமையை என்னோடு சேர்ந்து குறிப்பவர் என்று தலைவர்களைச் சுட்டும் தொடரை அவர் விடாமல் வைத்துள்ளார். 'என்னொடும்' என்பதனால் தலைவனும் தொண்டனும் ஒரே ஒருமையின் உறுப்புகள் என்பது பெறப்படுமன்றோ எனலாம். உண்மையே. ஆயினும் உடன் நிற்றல் வேறு. ஆணையை எடைபோட்டு ஏற்றல் வேறு. மூலம் இரண்டையும் வைத்தது. தமிழ் ஒன்றையே வைத்தது.

இதனை ஒரு சிறு பாடவேறுபாடு போலக் கருதி விட்டுவிடல் இயலாது. குறிக்கோளுக்குக் கட்டுப்படுதலும் அக்குறிக்கோளின் பெயரால் பேசுவோர்க்குக் கட்டுப்படுதலும் வெவ்வேறு. முன்னது மனச்சான்றை வளர்க்கும். பின்னது அதனைப் பிறரிடம் அடகு வைக்கும். கொள்கைச் சபதங்கள் கெடுவது இவ்விடத்தில்தான். 1906 செப்டம்பர் 11ஆம் நாள் சோகன்னசுபர்க்கு நகரில், இந்தியரை இழிவுபடுத்திய சட்டத்திற்கு அடங்கோம் என்று கூடியோர் கடவுளை முன்னிட்டு உறுதி பூண்டனர். அங்கே காந்தியடிகள் வற்புறுத்தியது, பிறர் எல்லாரும் கைவிடினும் தான் ஒருவனாய் நிற்க இயலுமா என்று ஒவ்வொருவனும் தன் நெஞ்சையே வினவிக்கொள்ளல் வேண்டும் என்பது. அச்சபதம் மறைவாகச் செய்யப்பட்டதும் அன்று. அதன் பின் எழுந்த போராட்டத்தில் திரான்சுவால் தமிழர் பலர் சிறை புகுந்தனர். ஏறத்தாழ ஒரே காலத்துத் தமிழுலகில், மறைவும் கீழ்ப்படிதலும் கொண்ட சபதமும், வெளிப்படையும் மனச்சான்றும் கொண்ட சபதமும் அருகருகே நின்றன என்பது வரலாறு காட்டும் உண்மை.

மாஜினியின் வாழ்வே அவ்வேலியின் பயனுக்குச் சான்று. 1861இல் இத்தாலி பெரும்பாலும் ஒன்றுபட்டது. ஆயினும் அது முடியரசாய் அமைந்தது. சபதத்தின் பிற கூறுகள் நிறைவேறியபின் ஒன்றனை மட்டும் விட்டுக்கொடுத்திருப்பின் அவரை யாரும் பழித்திரார். அவரோ 1867இல் அம்முடியரசின் நாடாளுமன்றத்தில் தமக்குக் கிடைத்த இடத்தை மறுத்தார். 1872இல் பீசா நகரில், வேற்றுப்பெயரில் மறைந்து வாழ்ந்த நிலையில் இறந்தார். இத்தாலி குடியரசானது 1946இல்தான். குறிக்கோளைச் சபதத்தின் உள்ளே வைத்தவராதலின், சூழ்நிலை மாறிய பின்னும் தாம் எதற்குக் கட்டுண்டார் என்பது அவருக்கு ஐயமின்றித் தெரிந்திருந்தது.

அவ்வாறாயின் பாரதியாரின் பாட்டு குறையுடையதோ எனின், அதன் இறுதிச் செய்யுளையும் நோக்கிய பின்னரே முடிவு கூறல் முறை. சபதமும் சாபமும் முடிந்தபின், நடை மாறி, நாற்சீரடியால் ஆகிய ஒரு சிறு செய்யுள் வருகின்றது. மூலத்தில் இதற்கு ஈடு இல்லை. இவ்வளவும் பேசிவிட்ட பெருஞ்சொல் மாசின்றி நிறைவேற இறைவன் தன் நெஞ்சில் நின்று அருள்க என்று வேண்டும் அச்செய்யுளில், சூளுரைத்தவன் தன்னை 'ஏழை' என்று குறித்துக்கொள்கின்றான். பூதப்பாண்டியன் இவ்வாறு கூறமாட்டான். மாஜினியின் உறுப்பினனும் கூறவில்லை. சொல் பெரிது, தான் சிறியன் என்னும் அறிவு அங்கே வெளிப்படுகின்றது. தலைவரிடம் முழுதும் ஒப்படைத்த நெஞ்சிலேயே இறைவன் நிற்குமாறு வேண்டுதலால், அந்நெஞ்சு இன்னும் தன்னுடையதே என்பதும் குறிப்பாற் பெறப்படும். முன்னே விடுபட்ட வேலியைப் பாரதியார் அறிந்தோ அறியாமலோ இங்கே வேறு வகையில் நட்டுவிட்டார் எனலாம்.

ஆகவே இப்பாடலை வெறும் மொழிபெயர்ப்பு என ஒதுக்குதல் தகாது. உடைமைமேல் நின்ற வஞ்சினம் இன்மைமேல் நின்ற சபதமாக மாறிய வரலாற்றின் ஒரு படி அது. இன்றும் மன்றங்களிலும் கல்லூரிகளிலும் உறுதிமொழிகள் ஒருவர் சொல்லப் பலர் திருப்பிச் சொல்லும் முறையில் நிகழ்கின்றன. உதடு அசைதல் எளிது. எதற்குக் கட்டுப்படுகின்றோம், எதற்குக் கட்டுப்படவில்லை என்பதை அச்சொற்களுள் தேடிப் பார்த்தல் கற்றோர் கடமை. பாரதியார் பாட்டை மூலத்தோடு வைத்துப் பயில்வார்க்கு அப்பயிற்சி கைவரும்.