லூமன் கேட்கும் முன் இடத்தை அளப்போம்

நுவரெலியாவில் 1889இல் தொடங்கிய கோல்ஃப் கிளப் இன்றும் இயங்குகிறது. அந்த ஆட்டம் இப்போது நகரத்து அறைகளுக்குள்ளும் வந்துவிட்டது. திரையில் புரொஜெக்டர் புல்வெளியைக் காட்டும். அடித்த பந்து திரையில் மோதி விழும். அது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதைக் கணினி கணக்கிடும். ஊவாத் தோட்டப்புறத்துக்கு இந்த ஆட்டம் தூரமானது. ஆனால், அதற்குப் புரொஜெக்டர் தெரிவுசெய்யும் முறை பதுளை, மொனராகலை மாவட்டத் தமிழ்ப் பாடசாலைகளுக்குப் பயன்படும்.

பழைய மாணவர்களோ வெளிநாட்டு உறவுகளோ புரொஜெக்டருக்குப் பணம் தர முன்வந்ததும், "எத்தனை லூமன்?", அதாவது கருவி எவ்வளவு ஒளி தரும் என்றுதான் முதலில் கேட்கிறோம். இதில் நியாயம் உண்டு. நமது வகுப்பறைகள் பலவற்றை இருட்டாக்க முடியாது. 2.2 மீற்றர் அகலத் திரையில் 3,300 லூமன் விழுந்தால் ஏறக்குறைய 1,200 லக்ஸ் வெளிச்சம் கிடைக்கும். பகல் வகுப்பறையிலும் எழுத்து தெரியும். அதே ஒளியை 4 மீற்றர் அகலமும் 3 மீற்றர் உயரமும் உள்ள கோல்ஃப் திரையில் பரப்பினால் 275 லக்ஸ்தான். லூமன் என்பது திரையின் அளவோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய எண். விளம்பரத்தில் போடும் எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. சர்வதேச அளவீட்டு முறைப்படி அளந்ததா என்று கேட்டாலே பல மலிவுக் கருவிகள் கழிந்துவிடும்.

கோல்ஃப் அறை அமைப்பவர் முதலில் கேட்பது வேறு: ஆடுபவர் எங்கே நிற்பார்? கருவி அவருக்குப் பின்னால் இருந்தால் அவர் நிழல்தான் திரையில் ஆடும். ஆகவே, குறுந்தூரத்திலேயே பெரிய படம் காட்டும் கருவியை அவருக்கு முன்புறமாகக் கூரையில் பொருத்துகிறார்கள். சாதாரணக் கருவி 2.2 மீற்றர் படத்துக்கு 3.3 மீற்றர் பின்னால் போகவேண்டும். குறுந்தூரக் கருவிக்கு 1.1 மீற்றர் போதும். கரும்பலகையோரம் நின்று கற்பிக்கும் ஆசிரியருக்கும் இதே சிக்கல்தான். சமன்பாட்டைச் சுட்டிக்காட்டப் போனால் அது அவர் முதுகில் விழுகிறது.

அதற்காகக் கோல்ஃப் முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. குறுந்தூரக் கருவிக்கு விலை கூட. திரை சற்று நெளிந்தாலும் படம் கோணும். கூரையில் நிரந்தரமாகப் பொருத்தினால் ஒழுக்கும் களவும் பயம். ஒரே கருவியை வகுப்புக்கு வகுப்பு தூக்கிப்போகும் பாடசாலையில் ஒவ்வொரு முறையும் படத்தை நேராக்குவதிலேயே பாடவேளை கரையும்.

கோல்ஃப் அறைக்கு இல்லாத கவலைகளும் இங்கே உண்டு. பதுளை மாவட்டத்து அப்புத்தளையில் குளிருக்கு ஜன்னலை மூடலாம். வெளிச்சம் தானாகக் குறையும், ஈரப்பதம்தான் எதிரி. மொனராகலை வெயிலில் ஜன்னலை மூடினால் பிள்ளைகள் வெந்துபோவார்கள். அங்கே வெளிச்சமும் வெப்பமும் சேர்ந்தே வரும். இரு மாவட்டத்துக்கும் ஒரே மாதிரிக் கருவி வாங்கினால் ஓரிடத்தில் பணம் வீண், மற்ற இடத்தில் படம் மங்கல்.

கருவிக்கு ஒளி தருவது விளக்கா, லேசரா என்பதிலும் விற்பனைப் பேச்சைக் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். லேசருக்கு 20,000 மணிநேர ஆயுள் என்பார்கள். ஆண்டுக்கு 600 மணிநேரம் ஓடும் வகுப்பில் 5,000 மணிநேர விளக்கே எட்டு வருடம் தாங்கும். லேசரின் மெய்யான பலம் வேறு: 2022இல் கண்டதுபோல் கரண்ட் அடிக்கடி நின்று வந்தாலும், சூட்டோடு அணைவது விளக்கைப் பாதிக்கும் அளவுக்கு அதைப் பாதிக்காது.

பூட்டிவைக்கக்கூடிய தனி அறை இருந்தால் குறுந்தூரக் கருவிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகும். சுமந்து திரியும் கருவியென்றால் சாதாரணமானதே போதும். திரையைப் பக்கச் சுவருக்கு மாற்றினால் நிழல் பெருமளவு விலகும். எதுவானாலும், நன்கொடையாளருக்கு எழுதும் கடிதத்தில் அறையின் நீள அகலம், ஆசிரியர் நிற்கும் இடம், ஜன்னல் பக்கம், பதுளையிலோ பண்டாரவளையிலோ திருத்துவார் உண்டா என்பவை முதலில் வரட்டும். லூமன் எண் அவற்றிலிருந்து தானே பிறக்கும்.