படியும் பரிசும்

நடத்தையியலைக் குறை சொல்வது எளிது. பி.எட். தேர்வுக்குத் தூண்டல்-துலங்கலை மனப்பாடம் செய்தவர்களே, எலிக்கும் புறாவுக்கும் சொன்னதைப் பிள்ளைகள் தலையில் கட்டலாமா என்று கேட்பார்கள். ஆனால் பெங்களூருவின் அரசுப் பள்ளிகளிலும் கைப்பேசித் திரைகளிலும் அந்தக் கொள்கை இன்றும் உயிரோடு இருக்கிறது, படி, பரிசு என இரண்டு கூறாகப் பிரிந்து.

1953இல் நடத்தையியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் தம் மகளின் நான்காம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பார்க்கப் போனார். போட்ட கணக்கு சரியா என்பது பிள்ளைகளுக்கு உடனே தெரியவில்லை. எல்லாருக்கும் ஒரே வேகம். அந்தக் குறையைத் தீர்க்கவே கற்பிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். சிறுசிறு படிகள், உடனடி மறுமொழி, அவரவர் வேகம் என்பவையே அதன் சாரம்.

கர்நாடகத்தின் ‘நலி கலி’ முறையில் இந்தச் சாரம் இருக்கிறது. ரிஷிவேலி பள்ளியின் முன்மாதிரியைப் பின்பற்றி 1995இல் எச்.டி. கோட்டை வட்டத்தில் தொடங்கி, 2009-10இல் மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளுக்கு வந்த முறை அது. ஆட்டம், பாட்டு, குழு என்று வேறு முகம் காட்டினாலும் அதன் முதுகெலும்பு அட்டைகளால் ஆன கற்றல் ஏணிதான். தமிழ்நாட்டின் ஏ.பி.எல். (செயல்வழிக் கற்றல்) அட்டைகளைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. கட்டட வேலைக்கு இடம்பெயரும் பெற்றோரோடு சில வாரம் போய்வந்த பிள்ளையும் விட்ட படியிலிருந்தே தொடரலாம். வகுப்பு முழுவதற்கும் ஒரே பாடம் நடத்தும் முறையில் அந்தப் பிள்ளைக்கு இடமில்லை.

கற்றல் செயலிகள் பலவற்றில் முன்னால் நிற்பது பரிசு: நாணயம், பேட்ஜ், தொடர்நாள் கணக்கு. எப்போது வரும் என்று தெரியாத பரிசு நடத்தையை விடாமல் பிடித்துவைக்கும் என்று ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இலேயே விரிவாக எழுதினர். பிடித்துவைப்பது வேறு, கற்பிப்பது வேறு. 1973இல் உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் நடத்திய ஆய்வில், பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த மழலையருக்குப் பின்னர் தாமாக வரைவதில் ஆர்வம் குறைந்தது. இப்படிப் பிடித்துவைக்கும் திரைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் ‘ஷட்’ கிளினிக்கை 2014இல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் திறந்ததும் இதே பெங்களூருவில்தான்.

படிகளுக்கும் எல்லை உண்டு. 52இலிருந்து 38ஐக் கழித்து 26 என்று எழுதும் பிள்ளை கவனமில்லாமல் எழுதவில்லை. எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கும் சொந்த விதி ஒன்றை வைத்திருக்கிறது. விடையை மட்டும் பார்க்கும் நடத்தையியல் ‘தவறு’ என்று சொல்லி, அதே அட்டையைத் திரும்பக் கொடுக்கும். அந்த விதியைக் கண்டுபிடிக்க ஆசிரியர் பிள்ளையிடம் பேச வேண்டும். கேட்டறியாத வாக்கியங்களையும் குழந்தை பேசுவதை வலுவூட்டலால் விளக்க முடியாது என்று மொழியியலாளர் சோம்ஸ்கி 1959இல் காட்டியதும் இந்த எல்லையைத்தான்.

ஆகவே நடத்தையியலை முழுதாக ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். எழுத்து, வாய்பாடு போன்ற பயிற்சிக்குரிய பகுதிகளில் ஏணி நிற்கட்டும், பரிசு ஒதுங்கட்டும். ஒரு பாடமுறையையோ செயலியையோ எடைபோட ஒரு கேள்வி போதும்: பிள்ளையின் தவறான விடைக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை அது தேடுகிறதா?